வீடு கட்டக் கொட்டேஷன் வாங்கியாச்சு, யாரிடம் கொடுப்பது? கேள்வி பதில்

கேள்வி: ஒரே பிளானுக்கு மூன்று கான்ட்ராக்டர்கள் சதுரடி ரேட் கொடுத்திருக்கிறார்கள் சார். குறைந்த ரேட் சொன்னவரிடம் கொடுத்துவிடலாமா?

ரேட்டை விடுங்கள், எத்தனை சதுரடிக்குப் போடுகிறார் என்று முதலில் கேளுங்கள். வீடு 1,200 சதுரடி, போர்ட்டிகோ 150, மாடிப்படி ஹெட்ரூம் (மொட்டைமாடியில் படிக்கு மேல் கட்டும் சிறு அறை) 120 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் முழுதாகக் கணக்கிட்டால் 1,470. போர்ட்டிகோவையும் ஹெட்ரூமையும் பாதியாகக் கணக்கிட்டால் 1,335. முழுதாகக் கணக்கிடுபவரின் ரேட் 9 சதவீதம் குறைவாக இருந்தாலும் மொத்தத் தொகை ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்து, எது சேராது என்று எழுதி வாங்குங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், பேஸ்மென்ட்டில் (தரைக்கு மேல் எழுப்பும் வீட்டின் அடிமட்டம்) நிரப்பும் மண், மொட்டைமாடி தளவரிசை, மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவைதான் வழக்கமாக விடுபடும். நீங்களே ஒரு பட்டியல் தயாரித்து மூவரிடமும் கொடுத்து, அதே பட்டியலுக்குத் திரும்ப விலை கேளுங்கள். அதற்கு முன் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: 'தரமான கம்பி, தரமான சிமென்ட்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். போதுமா?

போதாது. கம்பியின் பிராண்டும் கிரேடும் வேண்டும். எத்தனை எம்எம் கம்பி, என்ன இடைவெளி என்பது ஸ்ட்ரக்சுரல் டிராயிங்படி (இன்ஜினியர் போடும் கம்பி, கான்கிரீட் வரைபடம்) என்று இருக்க வேண்டும். கம்பி வந்ததும் எடை பாருங்கள். 12 எம்எம் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 8 எம்எம் 0.395 கிலோ. இதைவிட வெகுவாகக் குறைந்தால் இறக்க விடாதீர்கள்.

கான்கிரீட்டுக்குக் கலவை விகிதம் எழுதச் சொல்லுங்கள். 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) என்றால் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமார் 8 ஆகும். 1,000 சதுரடித் தளம் (கூரைக் கான்கிரீட்) 5 அங்குல கனத்தில் போட்டால் ஏறத்தாழ 11.8 கன மீட்டர். சுமார் 95 மூட்டை, பீம் தனி. தளம் போடும் நாளில் காலி சாக்குகளை எண்ணினாலே கலவை தெரிந்துவிடும்.

டைல்ஸ், கதவு, பாத்ரூம் சாமான்களுக்கு 'இந்த விலை வரை' என்று போட்டிருந்தால், அதில் வரியும் வண்டி வாடகையும் சேதாரமும் சேர்த்தியா என்று கேளுங்கள். எலக்ட்ரிகலுக்கு அறைவாரியாக பாயின்ட் (லைட், ஃபேன், பிளக் இணைப்பு) எண்ணிக்கை வேண்டும். 'தேவையான பாயின்ட்' என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவே கூடாது.

கேள்வி: வேலை தொடங்கும் முன் 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார் அண்ணா.

கொடுக்காதீர்கள். எந்தக் கட்டத்திலும் நீங்கள் கொடுத்த பணம், எழும்பி நிற்கும் வேலையின் மதிப்பைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் வேலை பாதியில் நின்றாலும் உங்களால் வேறு ஆளை வைக்க முடியாது. கையில் பணம் இருக்காது. பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் பீம்), தளம், பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று தவணைகளைப் பிரியுங்கள். தளத்துக்கான தவணையை இரண்டாக்குங்கள்: சென்ட்ரிங்கும் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) கம்பிக்கட்டும் இன்ஜினியர் பார்த்த பின் ஒன்று, கான்கிரீட் போட்ட பின் ஒன்று. கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். ஒழுகலும் விரிசலும் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கம்பி விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்கிறார். நியாயமா?

நியாயம்தான், வரம்பு இருந்தால். கையெழுத்திடும் நாளின் சிமென்ட், கம்பி விலையைக் குறித்து, 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் மட்டும், மீதி வேலைக்கான அளவுக்கு மட்டும் என்று எழுதுங்கள். விலை இறங்கினால் உங்களுக்குக் கழிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

கேள்வி: பொருளை நானே வாங்கி, லேபர் மட்டும் அவரிடம் கொடுத்தால் மிச்சமாகுமா?

பொருள் வாங்கவும் தினமும் நிற்கவும் ஆள் இருந்தால் மிச்சமாகும். சேதாரம் உங்கள் கணக்கு என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: அஸ்திவாரம் 5 அடி என்று போட்டிருக்கிறார். தோண்டும்போது மண் சரியில்லை என்றால்?

மண் பரிசோதனை முடிந்த பிறகு கொட்டேஷன் வாங்குவதே நல்லது. இல்லையென்றால், கூடுதலாகத் தோண்டும் ஒவ்வொரு கன அடிக்கும், நிரப்பும் கான்கிரீட்டுக்கும் கட்டுவேலைக்கும் தனித்தனி ரேட்டை இப்போதே எழுதி வாங்குங்கள். குழி தோண்டிய பிறகு பேசினால் அவர் சொல்வதுதான் விலை.