கதவுக்கு அடியில் கிடந்த நோட்டீஸ்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மதுரையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறான். ஒரு வருடமாகக் கடுமையான மனச்சோர்வு. தனியார் கம்பெனி வேலை போய்விட்டது. போனை எடுப்பதே இல்லை. மாதம் 9,000 ரூபாய் வாடகை. ஐந்து மாதம் பாக்கி. 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம், அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்றால் வீட்டுக்காரர் கேட்கவில்லை. இரண்டு முறை தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். சாமானை வெளியே போட்டுப் பூட்டிவிடுவேன் என்கிறார். போன வாரம் நான் போனபோது கதவுக்கு அடியில் வக்கீல் நோட்டீஸ் கிடந்தது. வந்து 18 நாள் ஆகியிருந்தது. 11 மாத ஒப்பந்தம் முடிந்தும் இரண்டு வருடம் ஆகிறது. நோயாளி என்பதற்காகச் சட்டம் அவனைக் காப்பாற்றாதா? அவனுக்காக நான் பேச முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

சகோதரி, இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் அவசரமானதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நோய் வாடகை பாக்கியைத் தள்ளுபடி செய்யாது. கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், பாக்கி வைத்தது 'வேண்டுமென்றே' செய்ததா என்று பார்ப்பார்கள். இல்லை என்று தெரிந்தால், கட்டுவதற்கு 15 நாள் வரை அவகாசம் கொடுக்க இடம் இருந்தது. படுத்த படுக்கையாக இருந்தேன், நினைவே சரியில்லை என்று சொல்ல அங்கே ஒரு வாசல் இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம். இதில் அந்த வார்த்தை இல்லை. 21-ஆம் பிரிவு கேட்பதெல்லாம் கணக்குத்தான்: இரண்டு மாத வாடகை பாக்கியா, நோட்டீஸ் கொடுத்தாயிற்றா, ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டினாரா இல்லையா.

ஆனால் தம்பியைக் காப்பாற்றப்போவதும் இதே பிரிவுதான். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியையும் வட்டியோடு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாலோ வாடகை நீதிமன்றத்தில் கட்டிவிட்டாலோ, பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு போட முடியாது. நீங்கள் போன அன்றே 18 நாள் போய்விட்டது என்றால், அன்றிலிருந்து மிச்சம் 12 நாள். அவன் எப்படிப்பட்ட பிள்ளை, எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்பதெல்லாம் பிறகு. இப்போதைக்கு அந்த 12 நாள்தான் வழக்கு. இந்தச் சலுகை ஒரு முறைதான் என்பதும் நினைவிருக்கட்டும். இதைப் பயன்படுத்திய பிறகு, ஏதாவது ஒரு வருடத்தில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இரண்டாம் முறை கிடைக்காது.

"அவன் கவரைப் பிரிக்கவே இல்லையே, நோட்டீஸ் கிடைத்ததாகுமா?" என்று போனில் கேட்டீர்கள். ஆகும். தபாலில் அனுப்பலாம், கையில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டவும் செய்யலாம். பதிவுத் தபாலை 'வாங்க மறுத்தார்' என்று திருப்பி அனுப்பினாலும் பொதுவாகக் கிடைத்ததாகத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மா, மகன் வீட்டிலிருந்து மஞ்சள் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே 11 கவர்கள், ஒன்றுகூடப் பிரிக்காதவை. தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். ஒன்பதாவது கவரில் நோட்டீஸ். கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு கவரைப் பிரிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. அவருக்குப் பதிலாகப் பிரிக்க ஒரு ஆள் வேண்டும். மதுரை போகும்போது முதலில் அங்கே கிடக்கும் தபால்களையெல்லாம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் வீட்டுக்காரர் முரண்டு பிடிப்பது எரிச்சலாக இருந்தாலும், அது அவர் உரிமை. அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது கணக்குப் பார்க்க வைத்திருக்கும் பணம். அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் ஒழிய, அதை வாடகையாகக் காட்ட முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 27,000 ரூபாய்தான். வக்கீல் இதை ஒரு வாதமாக எடுத்துப் பேசட்டும். நீங்கள் அதை நம்பி 12 நாளையும் விட்டுவிடாதீர்கள்.

45,000 ரூபாய்க்கு எங்கே போவது? அவனுக்கு பி.எஃப். இருந்திருக்குமே. நோய்க்காக எடுக்கும் பி.எஃப். முன்பண விதியில் காசநோய், புற்றுநோய், இதய நோயோடு மனநோயும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது; பலருக்கு இது தெரியாது. வேலை போய்விட்டவர் என்ற முறையில் 75 சதவீதம் வரை எடுக்கவும் வழி இருக்கிறது. ஆன்லைனில் போடலாம். ஓ.டி.பி. அவன் போனுக்குத்தான் வரும் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். அந்தப் பணம் கைக்கு வர நாள் ஆகலாம். அதுவரை கைமாற்றாக வாங்கிக் கட்டிவிட்டு, வந்ததும் அடையுங்கள். பணத்தை ரொக்கமாக நீட்டாதீர்கள். வங்கி வழியாக, 'இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை வாடகை' என்ற குறிப்போடு அனுப்புங்கள். ரசீது கேளுங்கள். அவர் வாங்க மறுத்தால், கெடு முடிவதற்குள் வாடகை நீதிமன்றத்தில் கட்டும் வேலையை வக்கீலிடம் ஒப்படையுங்கள்.

மோட்டாரை நிறுத்துவதும் பூட்டுப் போடுவதும் வேறு கதை. ஐந்து மாதம் இல்லை, ஐம்பது மாதம் பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மோட்டார் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலிக் குடத்தையும் மூடிய குழாயையும் போட்டோ எடுங்கள். சாமானை வெளியே எறிந்து பூட்டிவிட்டால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அங்கே யார் வீடு என்பது கேள்வியே இல்லை, யார் குடியிருந்தார் என்பதுதான்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்த வீட்டுக்காரரைப் பற்றி உங்கள் கடிதத்தில் மூன்று வரி இருக்கிறது, மூன்றும் குற்றம். அந்த 9,000 ரூபாயை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறதோ என்னவோ, நமக்குத் தெரியாது. ஐந்து மாதமாக அவர் கதவைத் தட்டியிருக்கிறார், யாரும் திறக்கவில்லை. நேரில் போய், "நான் அக்கா, இனி வாடகைக்கு என்னைக் கேளுங்கள்" என்று நம்பரைக் கொடுத்தாலே பாதி சூடு தணியும். என்ன நோய், என்ன மாத்திரை என்றெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு சரியில்லை, சிகிச்சை நடக்கிறது என்றால் போதும்.

போன சூட்டில் புது ஒப்பந்தமும் கேளுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாக்கியை அடைத்த பிறகும் அந்தக் கத்தி தொங்கிக்கொண்டிருக்கும். எழுதி, பதிவும் செய்துவிடுங்கள்.

நீங்கள் அவனுக்காகப் பேசலாமா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது, அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆக, வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் தம்பிதான். அவன் உங்களுக்கு ஒரு அதிகாரக் கடிதம் கொடுத்தால் அலைச்சலை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் 'நியமிக்கப்பட்ட பிரதிநிதி' என்று உங்கள் பெயரைப் போட்டிருந்தால், அது சிகிச்சைக்கு மட்டும்தான். வீட்டு வழக்குக்கு ஆகாது. வழக்கையே புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால், அவனுக்காக ஒரு காப்பாளரை நியமிக்கும்படி மருத்துவச் சான்றோடு நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அந்தச் சான்றில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. எந்தத் தேதி முதல், எந்த வேலையைச் செய்ய முடியாமல் இருந்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் குறைவானவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போனில் என்றால் 15100. சிகிச்சை விட்டுப்போயிருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி-மனஸ், தமிழிலேயே பேசலாம்.

போனை வைக்கும்போது, "பேசாமல் காலி பண்ணிவிட்டுச் சேலத்துக்கே கூட்டி வந்துவிடவா?" என்றீர்கள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை. முதலில் அவனைக் கேளுங்கள். வருகிறேன் என்றால், பாக்கியையும் அட்வான்ஸையும் நேர் செய்து, மீதி எப்போது திரும்ப வரும் என்று எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். வரவில்லை என்றால், இந்த மாத வாடகை எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, உங்கள் போனில் ஒரு அலாரம் வையுங்கள்.