கிழியாத பராத்தா: பூரணமும் மேல்மாவும் ஒரே பதத்தில்

கேள்வி: ஆலு பராத்தா தேய்க்கும்போது பாதியிலேயே கிழிந்து மசாலா வெளியே வந்துவிடுகிறது. மாவை இன்னும் கெட்டியாகப் பிசைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். கெட்டி மாவால்தான் பெரும்பாலும் கிழிகிறது. போளி தட்டிப் பழகியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும்: பூரணம் எந்தப் பதமோ, மேல்மாவும் அதே பதம். பூரணம் மெத்தென்றும் மாவு விறைப்பாகவும் இருந்தால், கட்டை பட்டதும் பூரணம் ஓரத்துக்கு ஓடிவிடும், மாவு அதன் கூட நீளாது. எந்த இடம் மெல்லியதோ அந்த இடத்தைப் பிளந்துகொண்டு மசாலா எட்டிப் பார்க்கும்.

8 பராத்தாவுக்கு 300 கிராம் கோதுமை மாவு, அரை டீஸ்பூன் உப்பு, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 190 முதல் 200 மி.லி. தண்ணீர். சப்பாத்தி மாவைவிட இது கொஞ்சம் இளக்கமாக இருக்கும், பிசையும்போது விரலில் லேசாக ஒட்டும். அதைப் பார்த்துப் பயந்து வரமாவைத் தூவாதீர்கள். ஈரத்துணியால் மூடி 30 நிமிடம் விட்டுவிடுங்கள். கோதுமையின் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அரை மணி நேரத்தில் ஒட்டல் போய், மாவு காது மடல் போல மெத்தென்று ஆகியிருக்கும்.

60 கிராம் உருண்டை மாவுக்கு 60 கிராம் பூரணம், அதாவது இரண்டும் ஒரே அளவு எலுமிச்சை. மாவை உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தட்டி, நடுவைத் தடிமனாக விட்டு, ஓரத்தை மட்டும் விரலால் மெல்லிசாக்குங்கள். பூரணத்தை வைத்து, கொழுக்கட்டைச் சொப்பு மாதிரி ஓரங்களைச் சுருக்கி உச்சியில் சேருங்கள். உச்சியில் ஒரு குமிழ் மாவு மிஞ்சும். அதைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அப்படியே அமுக்கிவிட்டால் பராத்தாவின் நடுவில் வேகாத மாவுக் கட்டியாக நிற்கும்.

இனிக் கட்டையை எடுப்பதற்கு முன் விரல் வேலை இருக்கிறது. உருண்டையை நுனி விரல்களால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தி, பூரணத்தை விளிம்பு வரை தள்ளுங்கள். நாலு அங்குல வட்டம் வரை கையாலேயே வரும். பிறகு வரமாவு தொட்டு, சுருக்கு இருக்கும் பக்கம் மேலே வருமாறு பலகையில் போடுங்கள். அந்தப் பக்கம்தான் தடிமன்; கட்டையின் அழுத்தத்தை அது தாங்கும். கட்டை ஓரத்தைச் சுற்றித்தான் உருள வேண்டும், நடுவில் ஏறி மிதிக்கக் கூடாது. ஏழு அங்குலம் வந்ததும் நிறுத்திவிடலாம். ஆலு பராத்தா சப்பாத்தி போல மெல்லிசாக வரவேண்டிய பண்டமே இல்லை.

கேள்வி: உருளைக்கிழங்கு மசாலா பசை மாதிரி ஆகிவிடுகிறது. கிழங்கில் குற்றமா?

பதில்: வேகவைக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் குற்றம். கிழங்கை நறுக்கித் தண்ணீரில் மூழ்கவைத்து ஐந்தாறு விசில் விட்டால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே அழுத்தி அழுத்தி மசித்தால் உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகும். தோலோடு முழுசாக, தண்ணீர் ஊற்றாத பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் குக்கருக்குள் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு மூன்று, நான்கு விசில் போதும். தோலை உரித்துத் தட்டில் ஆறவிட்டு, முடிந்தால் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு கேரட் துருவியில் துருவுங்கள். மசிக்காமல் துருவினால் உதிரியாகவும் இருக்கும், மாவைக் குத்திக் கிழிக்கும் கட்டியும் இருக்காது. புதுக்கிழங்கு, அதாவது தோல் மெல்லிசாகக் கையாலேயே உரிந்துவரும் கிழங்கு, பராத்தாவுக்கு வேண்டாம். பொரியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பசையாகிவிட்டதா? 500 கிராம் கிழங்குக்கு 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள், இறுகிவிடும்.

கேள்வி: முள்ளங்கி பராத்தா ஆசையாகச் செய்தேன். இரண்டாவது பராத்தா தேய்ப்பதற்குள் பூரணம் தண்ணீராகிவிட்டது. பிழிந்துதான் வைத்தேன்.

பதில்: பிழிந்தது சரி. எப்போது பிழிந்தீர்கள், உப்பை எப்போது போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். முள்ளங்கியின் எடையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். துருவிய உடனே வெறுமனே பிழிந்தால் மேலோட்டமான தண்ணீர்தான் வரும். பிறகு மசாலாவோடு உப்பு சேரும்போது, உப்பு உள்ளேயிருக்கும் மிச்சத் தண்ணீரையும் இழுத்து வெளியே விடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே உப்பை முதலில் போட்டுவிடுங்கள். 400 கிராம் முள்ளங்கியைத் துருவி, முக்கால் டீஸ்பூன் உப்புப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தெளிவாகத் தேங்கும். இப்போது மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, முறுக்கி, இனி ஒரு சொட்டும் வராது என்னும் வரை பிழியுங்கள். 400 கிராம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும், அது நல்ல அறிகுறி. பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதிலேயே மாவைப் பிசையுங்கள். முள்ளங்கியின் வாசம் மாவிலும் ஏறும். அந்தத் தண்ணீரில் உப்பு இருப்பதால் மாவுக்குத் தனியாக உப்பு வேண்டாம், மசாலாவிலும் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

கொத்தமல்லி, பச்சை மிளகாய், அரை டீஸ்பூன் ஓமம், மிளகாய்த்தூள் எல்லாம் கடைசியில், கல் காய்ந்த பிறகு கலக்கலாம். முள்ளங்கியோடு ஓமம் கட்டாயம். வாயு பிடிக்காமல் இருக்கும், ருசிக்கும் அதுதான் ஜோடி. இதற்குச் சொப்பு முறையைவிட இரட்டைச் சப்பாத்தி முறை எளிது. 30 கிராம் உருண்டைகள் இரண்டை ஐந்து அங்குலத்துக்குத் தேய்த்து, ஒன்றின் மேல் பூரணத்தைப் பரப்பி, ஓரத்தில் அரை அங்குலம் விட்டு, மற்றதால் மூடி, விளிம்பை அழுத்தி ஒட்டி, மேலே இரண்டு உருட்டு மட்டும். தேய்த்ததைப் பலகையில் காத்திருக்க விடாமல் உடனே கல்லில் போட்டுவிட வேண்டும். நான்கைத் தேய்த்து அடுக்கி வைத்துக்கொண்டு சுடலாம் என்ற திட்டம் முள்ளங்கியிடம் பலிக்காது.

கேள்வி: காலிஃபிளவரை வதக்கி வைக்க வேண்டுமா, பச்சையாகவா? ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: பச்சையாக வைப்பதுதான் பஞ்சாபி வீடுகளின் வழக்கம், ருசியும் அதில்தான் அதிகம். பூவின் மேல்பகுதியை மட்டும் சிறுதுளைத் துருவியில் துருவுங்கள். தண்டும் சேர்ந்துவிட்டால் அது வேகாமல் பல்லில் கடிபடும், மாவையும் குத்தும். உப்பை மொத்தமாகக் கலக்காமல், ஒவ்வொரு பராத்தாவுக்கும் பூரணம் வைக்கும்போது மேலே ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளுங்கள். தண்ணீர் விட அதற்கு நேரமே கிடைக்காது. பூச்சிக்காக மஞ்சள், உப்புப் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைப்பவர்கள், பூவை எடுத்துத் துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகுதான் துருவ வேண்டும். ஈரப் பூவைத் துருவினால் கூழாகிவிடும்.

முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் வதக்கியே வையுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில், மூடாமல், பெரிய தீயில் நான்கைந்து நிமிடம். மூடினால் ஆவி திரும்ப உள்ளேயே விழும்.

கேள்வி: மில்லில் அரைத்த சம்பா கோதுமை மாவில் செய்தால் விரிசல் விடுகிறது. மைதா கலக்கலாமா?

பதில்: சம்பா கோதுமை ரவைக்கும் கஞ்சிக்கும் அருமை. ஆனால் அதன் மாவில் இழுவை குறைவு; பூரணத்தைச் சுமந்துகொண்டு அது நீளாது. சர்பதி போன்ற சப்பாத்திக் கோதுமையை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். மில் மாவைச் சலித்தும் பயன்படுத்த வேண்டும், பெரிய தவிட்டுத் துகள்கள் மெல்லிய மாவில் ஓட்டை போடும். கையில் இருப்பது சம்பா மாவுதான் என்றால் மூன்றில் ஒரு பங்கு மைதா கலந்து சமாளிக்கலாம். முழுக்க மைதாவில் செய்தால் ஆறியதும் ரப்பர்.

கேள்வி: என்ன செய்தாலும் மசால்தோசை மசாலா ருசிதான் வருகிறது, வடநாட்டு ருசி வரவில்லை.

பதில்: தாளித்திருப்பீர்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, நிறைய மஞ்சள்தூள், வதக்கிய வெங்காயம், இவை அத்தனையையும் விடுங்கள். 500 கிராம் துருவிய கிழங்குக்கு: வறுத்து ஒன்றிரண்டாக இடித்த சீரகமும் தனியாவும் சேர்த்து 2 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 3, துருவிய இஞ்சி 1 டீஸ்பூன், கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, ஓமம் கால் டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், ஆம்சூர் எனப்படும் மாங்காய்ப்பொடி 1 டீஸ்பூன். அடுப்பே தேவையில்லை, கையால் பிசறினால் முடிந்தது. எலுமிச்சை பிழிய வேண்டாம், அது இன்னொரு ஈரம். வெங்காயம் இல்லாமல் முடியாது என்றால், பொடியாக நறுக்கிப் பிழிந்து, தேய்க்கும் சமயத்தில் மட்டும் சேருங்கள்.

கேள்வி: டெல்லியில் சாந்தினி சவுக் பக்கம் சாப்பிட்டபோது மொறுமொறுவென்று இருந்தது. வீட்டில் மெத்தென்றுதான் வருகிறது.

பதில்: நீங்கள் சாப்பிட்டது அங்கே பராந்தே வாலி கலி என்ற பராத்தாக் கடைச் சந்தில் என்றால், அது கல்லில் சுட்டதல்ல. அங்கே வாணலியில் நெய் ஊற்றி, பூரி மாதிரி பொரித்தெடுப்பார்கள். வீட்டுப் பராத்தா மெத்தென்று இருப்பதுதான் அதன் இயல்பு. டெல்லியிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஹரியானாவின் முர்த்தல் ஊர் தாபாக்கள், அதாவது சாலையோர உணவகங்கள், பராத்தாவுக்குப் பெயர்பெற்றவை. அங்கே தந்தூர் அடுப்பில் சுடுகிறார்கள், மேலே ஒரு கட்டி வெள்ளை வெண்ணெய் வைத்துத் தருகிறார்கள். அந்த வெண்ணெய்க்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். உப்புப் போடாமல் கடைந்த நம் வீட்டு வெண்ணெயோ, ஊத்துக்குளி வெண்ணெயோ அதே வேலையைச் செய்யும். சூடான பராத்தா, வெண்ணெய், கெட்டித் தயிர், ஊறுகாய். குருமா வேண்டாம்.

கேள்வி: சுட்டெடுத்த பத்து நிமிடத்தில் விறைத்துப்போகிறது. நெய்யும் நிறையவே விடுகிறேன்.

பதில்: நெய் அளவைவிட, நெய் விடும் நேரத்தையும் தீயையும் பாருங்கள். சிறு தீயில் வெகுநேரம் கிடந்தால் மாவிலுள்ள ஈரம் முழுக்கப் போய்விடும். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடும் அளவுக்குக் கல் காய வேண்டும். ஒட்டியிருக்கும் வரமாவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். முதல் பக்கம் 30 விநாடி, நிறம் மங்கி சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பியதும் திருப்புங்கள். இரண்டாம் பக்கம் ஒரு நிமிடம், பழுப்புப் புள்ளி விழும்வரை. அதன் பிறகுதான் நெய், பக்கத்துக்கு அரை டீஸ்பூன். தோசைத் திருப்பியால் ஓரங்களை அழுத்தி, திருப்பிப் போட்டு இன்னும் அரை நிமிடம். உடனே சாப்பிடுவதானால், எடுத்ததும் துணி விரித்த டப்பாவில் வைத்து மூடுங்கள். பச்சை மாவின் மேலேயே நெய் ஊற்றினால் மேலே பொரியும், உள்ளே பூரணத்தை ஒட்டிய மாவு வேகாமல் வழவழவென்று நிற்கும்.

இன்னொன்று: தோசை வார்க்கும் இரும்புக் கல்லில் இதைச் சுடாதீர்கள். பெரிய தீயில் வெறும் மாவு பட்டுப்பட்டு, கல் பழகிய எண்ணெய்ப் பதம் போய்விடும். மறுநாள் தோசை எழும்பாது. பராத்தாவுக்கும் சப்பாத்திக்கும் தனிக் கல் இருக்கட்டும்.

கேள்வி: காலை 7 மணிக்குக் கட்டிக் கொடுத்தால் மதியம் பிள்ளைகள் சாப்பிடும்போது நசநசவென்று இருக்கிறது.

பதில்: சூட்டோடு டப்பாவை மூடுகிறீர்கள், ஆவி வேர்த்து மேலேயே விழுகிறது. கம்பித் தட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஆறவைத்து, பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். டப்பாவுக்கு உருளைக்கிழங்கு, பனீர் பொருத்தம். வெங்காயம், முள்ளங்கி வேண்டாம். முள்ளங்கி வாசத்துக்கு வகுப்பறையில் பிள்ளை கூசிப்போகும். பூரணத்தை முதல் நாள் இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்து கெட்டியான பூரணத்தை இளகிய மாவில் வைத்தால் மறுபடியும் முதல் கேள்வியில் சொன்ன கிழிசல்தான்.

கேள்வி: மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: உருளை, பனீர், பட்டாணிப் பராத்தாக்களை வைக்கலாம். நெய் விடாமல் இரண்டு பக்கமும் வெளிர்நிறமாகச் சுட்டு, முழுக்க ஆறவைத்து, இடையிடையே பட்டர் பேப்பர் போட்டு அடுக்கி, காற்றுப் புகாத பையில் வையுங்கள். ஒரு மாதம் வரை ருசி குறையாது. எடுத்ததும் உருகவிடாமல் நேரே சூடான கல்லில் போட்டு, நெய் விட்டு முடிக்க வேண்டும்; உருகவிட்டால் பூரணத்தின் ஈரம் மாவில் இறங்கிக் கல்லில் ஒட்டும். முள்ளங்கியையும் பச்சைக் காலிஃபிளவரையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். அவற்றை அன்றன்றே சுட்டுச் சாப்பிடுங்கள்.