வாசகர் கேள்வி – பதில்: ஒராங்குட்டான்களைப் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: கோடை விடுமுறையில் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள செபிலோக் ஒராங்குட்டான் (மனிதக் குரங்கு வகை) மறுவாழ்வு மையத்துக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். குட்டி ஒன்றைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மகள் ஆசைப்படுகிறாள். அதற்கு அனுமதி உண்டா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: இல்லை, அம்மா. பார்வையாளர் கையில் குட்டியைக் கொடுக்கும் இடம் எதுவாயினும், அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

1964-இல் தொடங்கப்பட்ட இந்த மையத்துக்கு வந்துசேரும் குட்டிகளில் பல, காடு அழிக்கப்பட்டபோதோ வேட்டையிலோ தாயை இழந்தவை; சில, வீடுகளில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்டவை. ஒராங்குட்டான் குட்டி ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் தாயுடனேயே இருந்து, எந்தப் பழம் எப்போது பழுக்கும், அந்தி சாயும் வேளையில் கிளைகளை வளைத்து இலைகளைப் பரப்பிப் படுக்கை அமைப்பது எப்படி என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. தாயில்லாத குட்டிக்கு அந்தப் பாடங்களைப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது. நாம் ஆசையாய் அணைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அது மனிதரை நாடப் பழகி, காட்டு வாழ்வுக்குத் தகுதியற்றதாகிவிடும். மனிதரிடம் அச்சம் விட்டுப்போன விலங்கு என்னவாகும் என்பதை, சோளிங்கர் மலைப்படிகளில் பழப்பையைப் பறிக்கும் குரங்குகளைக் கண்ட நம் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, நம் சளியும் காய்ச்சலும் காசநோயும் அவற்றையும் தொற்றும். ஆகவே மகளுக்குச் சளி இருந்தால் அன்றைக்குப் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அவ்வளவு தொலைவு போயும் ஒன்றையும் பார்க்காமல் திரும்ப நேரிடுமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நேரிடலாம். சுமார் 43 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டில் அவை தம் விருப்பம்போல் திரிகின்றன. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேடையில் பழங்கள் வைக்கப்படும்போது, கட்டியிருக்கும் கயிறு முதலில் மெல்ல அசையும்; பிறகு இலைகளுக்கிடையிலிருந்து செம்பழுப்பு முடி அடர்ந்த நீண்ட கை ஒன்று வெளிப்படும்; சில வேளைகளில் தாயின் விலாவை இறுகப் பற்றியபடி குட்டியும் கூட வரும். காட்டில் பழங்கள் மிகுந்திருக்கும் பருவத்தில் மேடை காலியாகவே கிடக்கலாம். அவை தாமே இரை தேடிக்கொள்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்பதால், அந்த ஏமாற்றத்தை நான் மகிழ்ச்சியாகவே ஏற்றுக்கொள்வேன்.

இருப்பினும் அருகிலேயே ஓரிரவு தங்கினால் இரண்டு மூன்று உணவு வேளைகளைக் காண வாய்ப்பு கிடைக்கும்; இளங்குட்டிகள் மரமேறிப் பழகுவதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கவும் இடம் உண்டு. பக்கத்திலேயே சூரியக் கரடிகளைப் பராமரிக்கும் மையமும் இருக்கிறது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக சண்டக்கான் நகருக்கு விமானத்தில் செல்லுங்கள். சபாவில் குடிநுழைவுச் சோதனை தனியாக நடைபெறும் என்பதால், கோலாலம்பூரில் முத்திரை பெற்ற பின்னும் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.