எனக்கு மட்டும் ஏன் கர்த்தருடைய சத்தம் கேட்பதில்லை?

சகோதரி, ஜெபக்குழுவில் எல்லாரும் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை, இதில் ஒருவர் வேலையை விடச் சொல்லித் தீர்க்கதரிசனம் வேறு சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் வேலை விஷயம். அவசரப்பட்டு ராஜினாமா செய்துவிடாதீர்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதீர்கள் என்று சொன்ன பவுலே அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). சோதிப்பது அவிசுவாசம் ஆகாது. சொன்னவர் அதற்குக் கோபித்துக்கொண்டால், அதையும் கவனியுங்கள்!

அப்புறம் அந்தச் சத்தம். காதில் கேட்கும் குரலை எல்லாரும் எதிர்பார்ப்பதில்லை. வேதம் முழுமையான பிறகு தேவன் அதன் வழியாகவே பேசுகிறார் என்பது சீர்திருத்த சபைகள் பலவற்றின் நிலை. பெந்தெகொஸ்தே சபைகள் இன்றும் தீர்க்கதரிசனம் உண்டு என்கின்றன, ஆனால் அது வேதத்துக்கு முரண்படக் கூடாது என்பார்கள். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள்கூட நெடுநேரம் விவாதித்த பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள் (அப்போஸ்தலர் 15:28).

கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலும் மூன்று முறை ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடினான்; கூப்பிடுவது கர்த்தர் என்று அவனுக்குப் புரியவைத்தவர் முதியவரான ஏலிதான். உங்களை நன்றாக அறிந்த, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் இதைப் பேசிப் பாருங்களேன்.