ஹைபிரிட் செண்டுமல்லி விதையை திரும்பப் போட்டா பூ ஏன் மாறுது

போன பட்டத்து ஹைபிரிட் செண்டுமல்லில விதை எடுத்துப் போட்டேன், இப்போ பாதி செடி ஒத்தை அடுக்கு, சிலதுல இதழே இல்லன்னு கேட்டிருந்தீங்க. உங்க மேல தப்பே இல்லீங்க, அது எஃப்1 ரகம், தாய், தகப்பன்னு ரெண்டு வேற வேற லைனை (வம்சத்தை) சேத்து உண்டாக்குனது, முதல் தலைமுறை மட்டும்தான் ஒரே மாதிரி வரும், அடுத்ததுல மறைஞ்சிருந்த குணமெல்லாம் பிரிஞ்சு வெளிய வந்துரும். இதழ் இல்லாத பூவுக்குக் காரணம் பெரும்பாலும் தாய் லைன்ல இருந்த ஆண்மலட்டு ஜீன், அதாவது மகரந்தமும் இதழும் வராம பண்ற ஜீன். அது ஒடுங்கு பண்பு, ரெண்டு பக்கமிருந்தும் வந்தாத்தான் வெளிய தெரியும்ங்கறதால நாலுல ஒண்ணு அப்படி வரும்.

பக்கத்துல இருக்குற குட்டை பிரெஞ்சு செண்டு கலந்துருச்சோன்னு பயப்படாதீங்க, நம்ம உயர ரகத்துக்கு குரோமோசோம் 24, அதுக்கு 48, கலந்தாலும் 36 ஆகி பெரும்பாலும் மலடாத்தான் நிக்கும்.

விதை எடுத்தே ஆகணும்னா பூசா நாரங்கி மாதிரி ஹைபிரிட் இல்லாத ரகம் போடுங்க, ஒத்தை அடுக்கு செடிய முதல் பூ விரிஞ்சதுமே புடுங்கிருங்க, தேனீ அந்த மகரந்தத்தை மத்ததுக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி.