கேள்வி – பதில்: அரசுத் தரவில் வலைச்செயலி

கேள்வி: பள்ளிகளின் பட்டியலை அரசுத் தளத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) இறக்கி, எக்செல்லில் திறந்து பார்த்துச் சேமித்தேன். செயலியில் ஏற்றினால் பாதிப் பள்ளிகளின் குறியீடுகள் பொருந்தவில்லை. ஏன்?

பதில்: எக்செல்லில் சேமித்தபோதுதான் கெட்டிருக்கிறது. 004217 என்ற குறியீட்டை அது எண்ணாக எடுத்துக்கொண்டு 4217 ஆக்கிவிடும். 15 இலக்கத்தைத் தாண்டும் எண்ணில் மிச்ச இலக்கங்களைச் சுழியமாக்கும். 3-4 என்றிருக்கும் வார்டு எண் தேதியாகிவிடும். சேமித்த பிறகு பழைய மதிப்பை மீட்க முடியாது, மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

இறக்கிய கோப்பைத் தேதியோடு பெயரிட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்தங்கள் எல்லாம் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) வழியாகவே நடக்கட்டும். அந்த ஸ்கிரிப்ட் எல்லா நெடுவரிசைகளையும் முதலில் உரையாகப் படிக்கட்டும். கூட்ட வேண்டியவற்றை மட்டும் பிறகு எண்ணாக்குங்கள். அப்படி ஆக்கும்போது காலிக் கட்டமும் '-' குறியும் 0 ஆகிவிடாமல் பாருங்கள். கழிப்பறை எண்ணிக்கை வந்து சேராத பள்ளியைக் கழிப்பறையே இல்லாத பள்ளி என்று காட்டினால், அது அந்தப் பள்ளிக்குச் செய்யும் அநியாயம். கடைசியில் 'மொத்தம்' என்றொரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதையும் சேர்த்துக் கூட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும்.

கேள்வி: ஊர்ப்பெயரைத் தமிழில் தேடினால் சில ஊர்கள் வருவதில்லை. பட்டியலில் கண்ணால் பார்த்தால் இருக்கின்றன.

பதில்: 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறை) இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. 'கோ'வும் இப்படித்தான். இப்படி இரு விதமாக எழுதியதை ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி இயல்பாக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தரவுக்கு மட்டும் ஓட்டினால் போதாது. பயனர் தட்டும் சொல்லுக்கும் ஓட்ட வேண்டும்.

ஔகாரத்தில் என்எஃப்சி உதவாது. 'கௌ' வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்போடு 'ள' என்ற எழுத்தையே தட்டியிருப்பார்கள்: 'கெள'. இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'தெளிவு', 'தெள்ளிய' போன்றவை சிதைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, அந்தப் பட்டியலை ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகு மாற்றுங்கள். துணைக்காலுக்குப் பதில் 'ர' விழுந்த பெயர்களும் இருக்கும். அவற்றையும் ஆள்தான் பார்க்க வேண்டும். திரையில் காட்டும் பெயரை மாற்றாதீர்கள். தேடலுக்கென்று தனி நெடுவரிசை வைத்து, இந்தத் திருத்தங்களை அதில் செய்யுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் அங்கேயே வெட்டிவிடலாம்.

கேள்வி: வரைபடத்தில் சில மருத்துவமனைகள் கடலில் நிற்கின்றன!

பதில்: எந்தக் கடல் என்று பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் குவிந்திருந்தால் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) 0, 0 ஆகியிருக்கின்றன. அதாவது மூலத்தில் காலியாக இருந்தவை. வடதுருவத்துப் பக்கம் போயிருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு வடிவத்தில் (2016-ன் ஆர்எஃப்சி 7946 தரநிலை) தீர்க்கரேகை முதலில் வரும். பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரலகத்தில் புள்ளி வைக்கும்போது அட்சரேகைதான் முதலில். 13, 80 என்பதைத் திருப்பிப் போட்டால் புள்ளி 80 பாகை வடக்கே போய் நிற்கும். எண்கள் ஆறேழு இலக்கமாக இருந்தால் அவை பெரும்பாலும் மீட்டரில் அளந்தவை, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பாகைக்கு உருமாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கம் திறக்கும்போதெல்லாம் அரசின் ஏபிஐயை (நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வழி) அழைக்கிறோம். சில நாள் பக்கமே வருவதில்லை.

பதில்: பயனரின் பிரவுசரிலிருந்து நேராக அழைக்காதீர்கள். ஏபிஐ சாவி ஜாவாஸ்கிரிப்டில் இருந்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் வந்தால் 429 (அழைப்புகள் மிகுதி) என்று மறுப்பு வரும். இரவில் ஒருமுறை உங்கள் சர்வர் தரவை இறக்கி எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கட்டும். பயனருக்கு அங்கிருந்தே கொடுங்கள். அரசுத் தளம் படுத்தாலும் உங்கள் பக்கம் நிற்கும்.

கவனமாக இருக்க வேண்டியது அந்த இரவு வேலையில்தான். தளம் பழுதாகியிருக்கும்போது 200 ('எல்லாம் சரி') என்ற பதிலோடு பிழைப் பக்கத்தை அனுப்புவது உண்டு. அதை சிஎஸ்வி என்று நம்பிச் சேமித்துவிடுவோம். ஆகவே நேற்றைய தரவின் மேல் நேரடியாக எழுதக் கூடாது. தற்காலிகக் கோப்பில் இறக்கி, தலைப்பு வரி அப்படியே இருக்கிறதா, வரிகளின் எண்ணிக்கை நேற்றைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, தேறினால் மட்டும் பெயரை மாற்றி நேற்றைய கோப்பின் இடத்தில் வையுங்கள். தேறாவிட்டால் நேற்றையதே ஓடட்டும், உங்களுக்கு மின்னஞ்சல் வரட்டும். தரவு எந்தத் தேதியுடையது என்பதைப் பக்கத்தின் மேலேயே, அடிக்குறிப்பில் ஒளிக்காமல், போடுங்கள். மருந்து இருப்பைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறவருக்கு அந்தத் தேதிதான் முக்கியம்.

கேள்வி: பிடிஎஃப் அட்டவணையை எப்படி எடுப்பது?

பதில்: எழுத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடிந்தால், அட்டவணையைப் பிரித்தெடுக்கும் டபுலா என்ற கருவி போதும். முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம், ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) வேண்டும். எப்படி எடுத்தாலும் ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டி, அச்சில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: உதவித்தொகை பெறுவோர் பட்டியல் பெயர், வயது, முகவரியோடு வெளியாகியிருக்கிறது. பெயரால் தேடும் வசதி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மூலையில் கிடக்கும் ஒரு பிடிஎஃப்பைவிடத் தேடுபொறியில் அகப்படும் பக்கம் பல மடங்கு ஊறு செய்யும். வார்டு வாரியாக எண்ணிக்கை மட்டும் காட்டுங்கள். 5-க்குக் கீழ் வந்தால், இன்னார் என்று ஊகிக்க முடியாதபடி எண்ணை மறையுங்கள். ஆனால் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் பயனில்லை. மூன்று வார்டுகளின் மொத்தம் 39, தெரியும் இரண்டும் 21, 15 என்றால், மறைத்தது 3 என்று யாரும் கழித்துக் கண்டுபிடிப்பார்கள். 15-ஐயும் சேர்த்து மறைக்க வேண்டும்.