டெக்காய் வைத்தும் சேவல் கிட்டே வரவில்லையா? வான்கோழி வேட்டை: கேள்வி – பதில்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குத் தயாராகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இம்முறை டெக்காய் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். தரையில் நட்டு வைக்கும் இந்தப் பொம்மைப் பறவை சேவலை ஈர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சேவல் எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதையும் டெக்காயை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

கேள்வி: இந்த ஆண்டுதான் முதன்முறையாக உரிமம் எடுத்திருக்கிறேன். மிசௌரியில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் உட்காரப் போகிறேன். ஒரு பெட்டை டெக்காயும் ஒரு ஜேக் டெக்காயும் வாங்கினேன். எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும்?

பதில்: முதலில் நீங்கள் உட்காரும் மரத்தை முடிவு செய்யுங்கள். டெக்காய் அதற்குப் பிறகுதான். உங்கள் தோள்களைவிட அகலமான அடிமரம் வேண்டும். பின்னாலிருந்து யாராவது தெரியாமல் சுட்டாலும் மரம் தாங்கிக்கொள்ளும், உங்கள் உருவமும் அதில் மறைந்துவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னால் சுமார் 100 கெஜம் வரை பார்வை மறைக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வேட்டைக்காரர் வந்தால் அவர் டெக்காயைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அவரைப் பார்த்துவிட வேண்டும்.

மரத்திலிருந்து 20 கெஜம் நடந்து போய் ஜேக்கை நடுங்கள். ஜேக் என்பது ஒரு வயது இளஞ்சேவல். அதன் முகம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். முதிர்ந்த சேவல் சண்டைக்கு வரும்போது பெரும்பாலும் எதிராளியின் முகத்துக்கு நேராகத்தான் வரும். ஜேக் உங்களைப் பார்த்து நின்றால், வருகிற சேவல் சுற்றிக்கொண்டு ஜேக்குக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து, முதுகை உங்களுக்குக் காட்டி நிற்கும். வால் விரித்திருந்தால் அந்த விசிறியே அதன் கண்ணை மறைத்துவிடும். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்ற அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெட்டையை ஜேக்கிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, உங்களுக்கு முதுகு காட்டியோ பக்கவாட்டிலோ வையுங்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால் சேவலுக்கு உள்ளே நுழைய இடமில்லாமல் போய்விடும். நீங்கள் வலது கைக்காரர் என்றால் இடது தோள் டெக்காய்களை நோக்கும்படி உட்காருங்கள். அப்போதுதான் துப்பாக்கியை இரண்டு பக்கமும் சிரமமில்லாமல் திருப்ப முடியும்.

“10 கெஜத்திலேயே வைத்தால் இன்னும் சுலபமாயிற்றே” என்று தோன்றலாம். ஆனால் வான்கோழிக்குப் பயன்படுத்தும் சோக் (ரவைகள் சிதறாமல் குவிய வைக்க, துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் குறுகலான பகுதி) மிக இறுக்கமானது. அவ்வளவு கிட்டே ரவைகள் கைமுஷ்டி அளவுக்குள் குவிந்து போகும், ஓயாமல் ஆடும் தலையை அதற்குள் பிடிப்பது கடினம். கைக்கெட்டும் தூரத்தில் வந்த சேவல்கள் தப்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். 20 கெஜத்தில் ரவை போதுமான அளவு பரவியிருக்கும். சேவல் டெக்காய்க்கு அப்பால் நின்றுவிட்டாலும் 40 கெஜ எல்லைக்குள்தான் இருக்கும். வில் வேட்டைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. கூடாரத்துக்குள் இருந்து எய்பவர்கள் 8 முதல் 10 கெஜத்தில் வைப்பதுதான் சரி.

சுடும்போது ஒரு விஷயம்: தோகை விரித்த சேவலின் கழுத்து உடலுக்குள் இழுபட்டிருக்கும். அப்போது சுடாதீர்கள். அழைப்பானில் (வான்கோழிக் குரல் எழுப்பும் கருவி) ஒரே ஒரு கூர்மையான “டக்” ஒலி கொடுங்கள். அது தலையை உயர்த்தும்போது தலைக்கும் கழுத்துக்கும் குறி வையுங்கள். பின்னால் வேறு வான்கோழி நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு காலையும் இதே கதைதான். சேவல் 70 கெஜத்தில் வந்து நிற்கிறது, தோகை விரிக்கிறது, கூவுகிறது. ஒரு அடிகூட முன்னால் வருவதில்லை. வெட்டவெளியில் ஒரு பெட்டை டெக்காய் மட்டும்தான் வைத்திருந்தேன். பொம்மை என்று கண்டுபிடித்துவிட்டதா?

பதில்: கண்டுபிடித்திருந்தால் எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். அங்கேயே நின்று தோகை விரித்ததென்றால் உங்கள் டெக்காயை நம்பிவிட்டது என்று அர்த்தம். சிக்கலே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. வான்கோழிகளின் வழக்கப்படி சேவல் கூவும், பெட்டைதான் தேடிக்கொண்டு போகும். அது பெட்டையைப் பார்த்துவிட்டது, தன்னையும் காட்டிவிட்டது, இனி வர வேண்டியது பெட்டை என்று காத்திருக்கிறது. பெட்டை அசையவே இல்லை என்றதும் கிளம்பிவிடுகிறது.

இதற்கு நாங்கள் முதலில் சொல்வது, டெக்காயைத் தூரத்திலிருந்து தெரியாதபடி வைப்பதுதான். நிலம் லேசாக மேடேறி இறங்கும் இடத்தில் இறக்கத்தின் பக்கமோ, பாதை வளையும் இடத்துக்கு இந்தப் பக்கமோ வையுங்கள். குரல் கேட்டு வருகிற சேவல் மேட்டின் மேல் ஏறித் தலையை நீட்டினால்தான் பெட்டை தெரிய வேண்டும். அந்த மேடு உங்களிடமிருந்து 30 கெஜத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது சேவல் மேட்டின் மேலேயே நின்றுவிட்டாலும் உங்களுக்குக் கவலையில்லை.

தட்டையான நிலம்தான் என்றால் ஜேக்கைச் சேருங்கள். பெட்டைக்காகக் காத்து நிற்கும் சேவல், பக்கத்தில் ஒரு பொடியன் நிற்பதைப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளாது. பெட்டை தரையில் பதுங்கி உட்கார்ந்திருக்கும் வகை டெக்காயும், அதன் பின்னால் ஜேக்கும் இருந்தால் இன்னும் வலுவாக இழுக்கும்.

அழைப்பையும் குறையுங்கள். சேவல் டெக்காயைப் பார்த்த பிறகும் விடாமல் கூப்பிட்டால், “இவளே இவ்வளவு ஆர்வமாக இருக்கிறாள், வரட்டும்” என்று நின்றுவிடும். கையால் காய்ந்த சருகை இரண்டு மூன்று முறை கீறுங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் கீறுங்கள். இரை கிளறும் பெட்டையின் சத்தம் அது, பெரும்பாலான நேரம் அதுவே போதும்.

டெக்காயின் நிற்கும் விதத்தையும் பாருங்கள். கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி நிற்கும் பெட்டை, ஆபத்தைப் பார்த்துவிட்ட பெட்டை. தலை தாழ்ந்து மேய்கிற அல்லது கழுத்து தளர்ந்த வகை வாங்குங்கள். கம்பியை ஆழமாக இறக்கி, உடல் ஒரு நிஜப் பெட்டையின் கால் உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் மிதக்கிற பெட்டை எந்தச் சேவலையும் யோசிக்க வைக்கும்.

இவ்வளவும் செய்து சேவல் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால், நடுவில் வேலியோ ஓடையோ இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அது அந்தச் சேவலின் ஆட்டக்களம். மறுநாள் விடியுமுன் டெக்காயே இல்லாமல் அங்கே போய் உட்காருங்கள்.

கேள்வி: முழுத் தோகை விரித்த பெரிய சேவல் டெக்காய் 150 டாலருக்கு மேல் விற்கிறார்கள். ஜேக்கைவிட அது உண்மையிலேயே நல்லதா?

பதில்: பருவத்தின் தொடக்கத்தில், அந்தப் பகுதியின் ராஜாவாகத் திரியும் சேவலுக்கு அது கடும் கோபத்தை மூட்டும். ஓடியே வந்து மிதிக்கும். ஆனால் காட்டில் எல்லாச் சேவலும் ராஜா இல்லை. இரண்டு வயதுச் சேவல்களில் பல, பெரியவற்றிடம் அடி வாங்கித் தழும்பேறியவை. இன்னொரு பெரிய சேவலைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். ஜேக் யாரையும் பயமுறுத்தாது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜேக்கை வாங்குங்கள். அதிலும் அரைகுறையாகத் தோகை விரித்த வகை நல்லது.

பருவம் பாதி கடந்த பிறகு நிலைமை மாறும். பெட்டை ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, பிறகு 28 நாள் அடைகாக்கும். பெட்டைகள் கூட்டுக்குப் போய்விட்டால் சேவல் தனியாகிவிடும், முற்பகல் 10 மணிக்கு மேல் துணை தேடி அலையும். அப்போது ஒற்றைப் பெட்டையே போதும். மடித்து வைக்கக்கூடிய ஃபோம் பெட்டை 30 டாலருக்குள்ளேயே கிடைக்கும்.

வாங்குமுன் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிடுங்கள். அலபாமாவில் வசந்தப் பருவத்தின் முதல் 10 நாட்களுக்கு டெக்காயே வைக்கக் கூடாது. மோட்டாரில் அசையும் வகைக்குச் சில மாநிலங்களில் தடை உண்டு.

கேள்வி: காற்றடித்தால் என் ஃபோம் பெட்டை பம்பரமாகச் சுற்றுகிறது. மடித்த இடத்தில் பள்ளமும் விழுந்துவிட்டது.

பதில்: வாலின் இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் தள்ளி ஒவ்வொரு குச்சி நடுங்கள். லேசாக ஆடும், சுற்றாது. அந்தச் சிறு அசைவு இருப்பது நல்லதுதான். பள்ளத்துக்கு வெதுவெதுப்பான நீரோ ஹேர் டிரையரோ போதும். சூடேறியதும் உள்ளிருந்து தள்ளி, ஆறும்வரை பழைய துணியை அடைத்து வையுங்கள். சேறு பட்டால் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், சலவைத்தூள் வேண்டாம். பல தூள்களில் வெண்மை கூட்டும் பொருள் கலந்திருக்கும், அது ஒட்டிக்கொண்டால் டெக்காய் புற ஊதா ஒளியில் செயற்கையாகப் பளிச்சிடும். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் வான்கோழியின் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் பக்கம் வயலே கிடையாது, அடர்ந்த காடு. டெக்காய் தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. அடர்ந்த இடத்தில் 15 கெஜத்தில் திடீரென்று ஒரு பறவை எதிர்ப்பட்டால் சேவல் மிரளும். குரலை நம்பி, எதையும் பார்க்காமல் தேடிக்கொண்டு வரட்டும். வெட்டிய மரங்களை ஏற்றிச் சென்ற பழைய வண்டிப் பாதை இருந்தால் மட்டும் அதன் நடுவில் ஒன்று வைக்கலாம்.

கேள்வி: சேவலின் வால் விசிறியைக் கையில் பிடித்து, அதன் பின்னால் தவழ்ந்து போய்ச் சுடுவதை வீடியோக்களில் பார்க்கிறேன். பென்சில்வேனியாவில் செய்யலாமா?

பதில்: கூடாது. அங்கே வசந்தப் பருவத்தில் வான்கோழியைக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுடலாம், பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டவிரோதம். வேறு சில மாநிலங்களிலும் பொது நிலங்களில் இதைத் தடுத்திருக்கிறார்கள்.

சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் செய்யாதீர்கள் என்றே சொல்வோம். எல்லோரும் காட்டோடு கலந்துபோகும் கேமோ உடையில் மறைந்து, சேவலின் தலையைத் தேடிக்கொண்டிருக்கும் காட்டில், நீங்களாகவே உங்கள் முகத்துக்கு முன்னால் ஒரு சேவலை நிறுத்துகிறீர்கள். புல்வெளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கை தெரியாது, விசிறி மட்டும்தான் தெரியும். தனியார் நிலம் என்பதும் பாதுகாப்பு இல்லை, எல்லை தாண்டி வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: போன ஆண்டு சுட்ட பறவையின் நிஜ வாலை ஜேக் டெக்காயில் பொருத்த ஆசை. எப்படிப் பதப்படுத்துவது?

பதில்: வாலை அடிச்சதையோடு வெட்டியெடுத்து, இறகுகளின் வேர் கழன்றுவிடாமல் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுங்கள். இந்த வேலையில்தான் பொறுமை வேண்டும். கொழுப்பு மிச்சமிருந்தால் நாற்றமடிக்கும், வண்டு வந்து இறகையே தின்றுவிடும். பிறகு போராக்ஸ் தூளை அழுத்தித் தேய்த்து, அட்டையின் மேல் விசிறியாக விரித்து, குண்டூசி குத்தி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அடிப்பாகம் கல்லாக இறுகியதும் பொருத்தலாம்.

ஆனால் எந்த வால் என்று பாருங்கள். ஜேக்கின் விசிறியில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். முதிர்ந்த சேவலின் விசிறி ஓரம் ஒரே வளைவாக இருக்கும். முழு வளைவுள்ள வாலை ஜேக்கில் செருகினால் பயமுறுத்தாத பொடியன் என்ற பலனே போய்விடும். பொது நிலத்தில் நிஜ வாலைப் பயன்படுத்தவே வேண்டாம்.

கேள்வி: டெக்காயைக் காட்டுக்குள் எடுத்துப் போகும்போது என்ன கவனம் வேண்டும்? நான் உட்கார்ந்திருக்கும்போது யாராவது டெக்காயை நோக்கி வந்தால்?

பதில்: டெக்காயின் தலைகூட வெளியே தெரியாதபடி பையில் போட்டு எடுத்துப் போங்கள். பையின் மேல் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். சுட்ட பறவையைத் தூக்கி வரும்போதும் அதையே சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். சட்டைக் காலர், காலுறை, கைக்குட்டை எதிலும் அவை வேண்டாம்.

யாராவது வந்தால் கையை ஆட்டாதீர்கள், எழுந்திருக்காதீர்கள், அழைப்பானில் குரல் கொடுக்காதீர்கள். அப்படியே அசையாமல் இருந்து, மனிதக் குரலில் உரக்க “ஸ்டாப்” என்று கத்துங்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, போகும்வரை அசையாதீர்கள். அன்றைய வேட்டை கெட்டுப் போனால் போகட்டும்.

கேள்வி: சேவலோடு நிஜப் பெட்டையும் வந்தது. டெக்காயைப் பார்த்துக் கத்திவிட்டு, சேவலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அவள் கத்தியதையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். சேவலை விட்டுவிட்டுப் பெட்டையோடு பேசுங்கள். அவள் ஒரு சத்தம் போட்டால் அதே சத்தத்தை, கொஞ்சம் அதிக வேகத்தில், அவள் முடிக்குமுன்னே போடுங்கள். தன் இடத்துக்கு வந்து சண்டைபிடிப்பது யார் என்று பார்க்க அவள் டெக்காயிடம் வருவாள். சேவல் அவள் பின்னால்தான் இருக்கும். அந்த நேரத்தில் அருகில் இரண்டு ஜோடி நிஜக் கண்கள் இருக்கின்றன. பெட்டையின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்வரை துப்பாக்கியைத் தூக்காதீர்கள்.